நான்காம் பாட்டுப் பேயும் காலர் அக்காவும்

ஒரு சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாவிட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்? படியிறங்கிப் போய்ப் பார்ப்பீர்களா, பேய் என்று சொல்லிவிட்டுப் போர்த்திக்கொண்டு படுப்பீர்களா? அவசரப்பட்டுப் பதில் சொல்லவேண்டாம். படித்தவர்கள், பட்டம் வாங்கியவர்கள் ஆயிரக்கணக்கான பேர் பதினைந்து ஆண்டுகளாகப் போர்த்திக்கொண்டுதான் கிடந்தார்கள். அவர்கள் பேய் என்று சொன்னது ஒரு தையற்காரப் பெண்ணை.

அவரைத் தெருவில் காலர் அக்கா என்பார்கள். அவர் தைக்கும் காலர் பத்து வருடம் துவைத்தாலும் விறைப்பாக நிற்கும் என்பதால் வந்த பெயர். அவர் கடைக்கு மேல்மாடியில் ஒரு காலத்தில் ஒலிப்பதிவு ஸ்டூடியோ இருந்தது. மரத்தளம். நாற்பது ஆண்டுகளுக்கு முன் நான்கு இளைஞர்களின் ராக் இசைக்குழு பத்து நாள் அங்கே அடைந்து கிடந்து தன் முதல் ஆல்பத்தைப் பதிவு செய்தது. மொத்தம் எட்டுப் பாட்டு. நான்காவதில் ஒரு கிட்டாரும் ஒரு குரலும் மட்டும்தான்; டிரம்ஸ்காரர் அன்று காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்தார். ஆனாலும் பாட்டின் அடியில் ஒரு தாளம் கேட்கும். டக், டக், டக். ஒரு நிறுத்தம். பிறகு பதினைந்து டக். இன்னொரு நிறுத்தம். மறுபடி மூன்று.

இசைத்தட்டு வந்தபோது யாரும் இதைத் துருவவில்லை. பாட்டு பிடித்தது, கேட்டார்கள். இருபது ஆண்டு கழித்து அதைச் சிடியாக மறுவெளியீடு செய்த கம்பெனி, "இரைச்சல் நீக்கப்பட்டது" என்று அட்டையில் பெருமையடித்துக்கொண்டு அந்தத் தாளத்தைத் துடைத்து எறிந்தது. பாட்டு உப்பில்லாப் பண்டமாகிவிட்டது. ரசிகர்கள் கொதித்தார்கள். மேலும் ஐந்து ஆண்டு கழித்து இரண்டாம் மறுவெளியீடு. தாளம் திரும்பி வந்தது, கூடவே ஒரு பேயும் வந்தது. இடையில் டிரம்ஸ்காரர் இறந்துபோயிருந்தார். உள்ளே செருகிய சிறு புத்தகத்தில் ஒரு புண்ணியவான் எழுதினார்: "அன்று வராதவரின் ஆத்மா வந்து வாசித்தது." பதிவு நடந்த நாளில் அந்த மனிதர் மாத்திரை விழுங்கிவிட்டு உயிரோடு உறங்கிக்கொண்டிருந்தார் என்பது ஆத்மாவுக்குத் தெரியாது போலும். எண்ணிக்கைக்கும் அர்த்தம் கண்டுபிடித்தார்கள். அவர் இறந்தது மூன்றாம் தேதியாம், மணி மூன்று பதினைந்தாம். மருத்துவமனைச் சீட்டை எவராவது பார்த்தாரா? அதெல்லாம் எதற்கு!

இந்தக் கதை எதுவும் காலர் அக்காவின் காதுக்கு எட்டவில்லை. போன வருடம் ஒரு மதியம், பக்கத்தில் உட்கார்ந்து பொத்தான் தைத்துக்கொண்டிருந்த மருமகள் போனில் அந்தப் பாட்டைப் போட்டார்.

"அத்தை, இதுல பேய் தட்டுதாம். கேளுங்களேன்."

அக்கா கேட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "பேயுமில்ல, பிசாசுமில்ல. இது என் பெல்ட்டுடி."

"என்ன அத்தை சொல்றீங்க?"

"இதோ, இந்த மிதி மெஷின் பெல்ட்டு. தோல் பெல்ட்டோட ரெண்டு முனையையும் கம்பிக் கொக்கி போட்டுத்தானே சேர்க்கிறோம்? கொக்கி மேல்சக்கரத்துல ஏறுறப்பல்லாம் டக்குங்கும். மூணு டக்கு காலரோட குட்டைப் பக்கம். முனை வந்ததும் ஊசியைத் துணிக்குள்ளயே நிறுத்தி, துணியைத் திருப்பணும். பதினஞ்சு டக்கு நீளப் பக்கம். திரும்பவும் ஒரு குட்டைப் பக்கம். ஒண்ணாங்கிளாஸ் பிள்ளையோட பள்ளிக்கூடச் சட்டை."

மருமகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அப்போ பேய் யூனிஃபார்ம் தைச்சிருக்கு!"

அக்காவுக்கு அந்த நாளே நினைவு வந்துவிட்டது. மறுநாள் பள்ளி திறப்பு. நூற்றிருபது சட்டை பாக்கி. மாடியிலிருந்து ஒலிப்பதிவாளர் இறங்கி வந்து, "மெஷினைக் கொஞ்சம் நிறுத்தும்மா" என்றார். "பிள்ளைங்க சட்டையில்லாமப் போகட்டுமா? நீங்க வேணா பாட்டை நிறுத்துங்க" என்றார் இவர். அவர் மேலே போய்விட்டார்.

நாற்பதாம் ஆண்டுக்கு மூன்றாம் மறுவெளியீடு தயாராகிறது என்று மருமகள் படித்திருந்தார். கம்பெனிக்கு எழுதினார். இருவரையும் கூப்பிட்டார்கள். சிறு புத்தகத்தைத் தொகுக்கும் இளைஞர் கதையைப் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா ரசிகர்களுக்குப் பேய்க் கதைதான் பிடிக்கும். வேணும்னா கடைசிப் பக்கத்துல, நன்றிப் பட்டியல்ல, 'கீழ்க்கடைக்காரர்கள்'னு போட்டுடறேன்."

வேலை செய்யாத பேய்க்கு வாசித்தவர் வரிசையில் இடம். வேலை செய்த பெண்ணுக்குக் கடைசிப் பக்கத்து மூலை, அதுவும் பன்மையில். இது அந்த ஒரு கம்பெனியின் வழக்கம் மட்டும் என்று நினைத்தால் நீங்கள் பாக்கியசாலி.

அக்கா கோபப்படவில்லை. "நன்றி வேண்டாம் தம்பி. அது டீ வாங்கிக் குடுத்தவங்களுக்குச் சொல்றது. நான் வாசிச்சிருக்கேன். வாசிச்சவங்க பட்டியல்ல போடுங்க. நம்பிக்கை இல்லன்னா கடைக்கு வாங்க. மெஷின் இருக்கு, துணி இருக்கு."

"வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுதும்மா."

"அப்போ வியாழக்கிழமை வாங்க."

வந்தார். தனியாக வரவில்லை, அறுபதைத் தாண்டிய, தலையில் முடி என்று சொல்ல ஏதுமில்லாத பாடகரையும் கூட்டி வந்தார். மருமகள் பாட்டைப் போட்டார். அக்கா அதைக் காதில் வாங்காமல் சின்னக் காலர் ஒன்றை எடுத்து ஊசிக்கடியில் வைத்து மெஷினை மிதித்தார். மூன்று. திருப்பினார். பதினைந்து. திருப்பினார். மூன்று. இளைஞர் விரல்விட்டு எண்ணினார்.

"தற்செயலா இருக்கலாமே" என்றார் அவர். நல்ல கேள்வி. பதினைந்து ஆண்டுகளில் ஒருவரும் கேட்காத கேள்வி.

"இருக்கலாம். பாட்டு முழுக்கக் கேளுங்க. ஒரு இடத்துல ஒன்பதுலயே நின்னிருக்கும். ரொம்ப நேரம் சத்தமே இருக்காது. அப்புறம் ஆறு."

பாடகர் நிமிர்ந்தார். "ஆமா! ஆத்மா விம்முற இடம்னு எழுதியிருக்காங்க."

"விம்மலும் இல்ல, தும்மலும் இல்ல. அடிநூல் தீர்ந்துபோச்சு, பாபின் மாத்தினேன். ஒன்பதும் ஆறும் எத்தனை தம்பி?"

தம்பி மருமகளின் போனை வாங்கி மூன்று முறை அந்த இடத்தைக் கேட்டார். மூன்று முறையும் ஒன்பதும் ஆறும் பதினைந்தாகத்தான் இருந்தன.

பாடகர் ஸ்டூலில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தார். "அன்னைக்கு ரெக்கார்டிங்காரர் மேல வந்து 'சொல்லிட்டேன்'னு சொன்னாருக்கா. நீங்க நிறுத்திட்டீங்கன்னே நினைச்சோம். அப்புறம் டேப்புல இது கேட்டதும், எங்க டிரம்ஸ்காரர்தான் காய்ச்சல் விட்டதும் வந்து குச்சியால தட்டிச் சேர்த்திருக்கார்னு பாராட்டித் தள்ளினோம். மனுஷன் மறுக்கவே இல்லை!"

"சத்தமில்லாம வாங்கிக்கிட்டாரா? சரி விடுங்க, பாவம், இறந்துட்டார். உங்க காலரைப் பாருங்க, பிரிஞ்சு தொங்குது. கழட்டிக் குடுங்க."

பாடகர் பனியனோடு உட்கார்ந்து இளைஞரிடம் சொன்னார்: "பேயை எடுத்துடுப்பா. இல்லன்னா என் பேரையும் எடுத்துடு."

புத்தகம் வந்துவிட்டது. நான்காம் பாட்டுக்கு இரண்டே வரி. கிட்டார், குரல்: பாடகர். தையல் மெஷின்: காலர் அக்கா. இயற்பெயரைக் கேட்டபோது, "அந்தப் பேர் போட்டா தெருவுல ஒருத்தருக்கும் தெரியாது" என்று சொல்லிவிட்டார். பக்கத்தைப் பிரித்து, துணி வெட்டும் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறார். அளவு கொடுக்க வந்த ஒருவர் குனிந்து படித்துவிட்டு, "அக்கா, நீங்க ராக் ஸ்டாரா?" என்று கேட்டார்.

"கையைத் தூக்குங்க, அளவு எடுக்கணும்" என்றார் அக்கா. வாயில் குண்டூசி இருந்ததால் முழுதாகச் சிரிக்க முடியவில்லை.

ஆனால் இரண்டாம் மறுவெளியீடு இன்னும் ஆயிரக்கணக்கான வீடுகளில் பேயோடு குடியிருக்கிறது. உங்கள் அலமாரியிலும் இருக்கலாம். எடுங்கள். பன்னிரண்டாம் பக்கம், கடைசி வரி. "அன்று வராதவரின் ஆத்மா" என்பதை அடித்துவிட்டு, மேலே "காலர் அக்கா" என்று எழுதுங்கள். வழவழப்பான தாள், பேனா வழுக்கும். அழுத்தி எழுதுங்கள்.