அருமண் மாப்பிள்ளை

அறுபதுகளின் நடுவில், வடக்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலையிலிருந்த நான் பெண் பார்ப்பதற்காகச் சொந்த ஊரான ஆவூருக்கு வந்தேன். பெண் வீடு கீரனூர்ப் பக்கம். பஸ்ஸில் போகும்போதே அம்மா எச்சரித்தாள்: "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு."

பெண்ணின் அப்பா விவசாயி. "தம்பி என்ன வேலை பாக்குறீங்க?" என்றார்.

"அருமண் உலோகங்கள்ல ஆராய்ச்சிங்க."

அவர் எழுந்து உள்ளே போய் ஒரு முறத்தில் மண்ணோடு வந்தார். "மேற்கால வயக்காட்டு மண்ணு. கடலை காய்க்கவே மாட்டேங்குது. என்னான்னு பாருங்க."

நானும் அதைக் கையில் எடுத்து நசுக்கிப் பார்த்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றும் புரியவில்லை. அருமண் என்பது மண்ணில்லை, சில அபூர்வ உலோகங்களுக்கு அப்படிப் பெயர் என்று நான் விளக்க ஆரம்பித்ததும் எல்லோரும் இன்னும் குழம்பினார்கள்.

மலேயாவிலிருந்து திரும்பியிருந்த பெண்ணின் சித்தப்பா சிகரெட் லைட்டரைத் தட்டினார். தப்பித்தோம் என்று நினைத்து, "அந்தத் தீக்கல்லுல அருமண் உலோகமும் இரும்பும் கலந்திருக்குங்க" என்றேன்.

"அப்ப மாப்புள லைட்டர் கல்லு செய்யிறாரு!" என்றார் அவர். எல்லோர் முகமும் தெளிந்தது. மறுக்க வாயெடுத்தேன், அம்மா முழங்கையால் இடித்தாள்.

காபி கொடுக்க வந்த பெண் தாழ்ந்த குரலில் கேட்டாள். "நீங்க செய்யிறது அது இல்லதானே?"

"இல்ல. அருமண் உலோகம் ஒண்ணையும் கோபால்ட்டையும் உருக்கிச் சேக்குறோம். ரெண்டையும் குளிர வச்சா தனித்தனியா காந்தம் மாதிரி இருக்கும். சேந்தா வலு கொறஞ்சு போவுது."

"சேந்தா வலு கூடத்தானே செய்யணும்?"

"அதான் எனக்கும் தெரியல."

அவள் சிரிக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். திரும்பும் வழியெல்லாம், கெடுத்துவிட்டேனா என்று அம்மாவைக் கேட்டுக்கொண்டே வந்தேன். மறுவாரம் சம்மதம் என்று ஆள் வந்தது. எதை நம்பிச் சம்மதித்தார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

கல்யாணமாகி வடக்கே வந்தபின் அவளை ஆய்வுக்கூடத்துக்குக் கூட்டிப்போனேன். இரண்டு உலோகத்தின் காந்தமும் எதிரெதிர்த் திசையில் நிற்பதால்தான் வலு குறைகிறது, நான் அளந்ததில் தப்பில்லை என்று அதற்குள் எங்கள் பேராசிரியர் சொல்லியிருந்தார். அதையே அவளிடம் சொன்னேன்.

சாம்பல் நிறக் கட்டியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். "சரிங்க, இத வச்சு என்ன செய்யலாம்?"

நல்ல காந்தம் செய்யலாம் என்கிறார்கள், வேறு எதற்கோ ஆகும் என்கிறார்கள் என்று இழுத்தேன். அவள் தலையாட்டினாள். ஊருக்குப் போனபோது, எனக்கு என்ன வேலை என்று யாரோ கேட்டதற்கு, "அவுக காந்தம் செய்யிறாக" என்று தெளிவாகச் சொன்னாள். நான் பக்கத்தில் நின்று, சரியா தப்பா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.