காணாமல் போன வண்டிக்கு ஆயுத பூஜை

செம்மல் என்ற பெயரைத் தனக்கொடி முதன்முதலில் கேட்டது முதலியார்பேட்டையில் அம்மன் கோயில் செடல் திருவிழாவில், ஒலிபெருக்கி வழியாகத்தான். "மில்லுல வேலை பார்க்கிற காளியப்பன் மகன் செம்மல் எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும். காணோம்னு நீ புகார் சொன்ன செருப்பு உன் கக்கத்துலயே இருக்குன்னு உங்கப்பா சொல்றாரு." கூட்டம் கொல்லென்று சிரித்தது. தனக்கொடியும் சிரித்தாள். சிரித்த வாய் மூடுவதற்குள் அந்தச் செருப்புக்காரனுக்கே கழுத்தை நீட்டும்படி ஆனது. ஆள் ஒன்றும் அந்நியமில்லை. அவளுடைய பெரியம்மா கொழுந்தனாருக்கு மருமகனாக வந்தவனின் ஒன்றுவிட்ட தம்பி.

கல்யாணமான கையோடு மில் மூடிவிட்டது. அப்பன் வேலை மகனுக்கு இல்லை என்றானது. செம்மல் ஒரு அரசாங்க ஆபீசில் தண்ணீர் மோட்டார் போடும் தினக்கூலி ஆனான். ஒவ்வொரு தேர்தலுக்கும் நிரந்தரம் ஆகும் என்றார்கள். தலை பாதி நரைத்தபோதுதான் ஒரு வழியாகப் பட்டியல் வந்தது. அதில் அவன் பெயரும் இருந்தது. இவன் நல்லவன்தான் என்று போலீஸ் எழுதிக் கொடுப்பது ஒன்றுதான் பாக்கி. தனக்கொடி அம்மனுக்குப் புடவை நேர்ந்துகொண்டாள்.

"அது வர்ற வரைக்கும் மூச்சு விடறதக்கூட மெதுவா விடுங்க" என்று புருஷனிடம் சொல்லி வைத்தாள்.

அவன் மெதுவாகத்தான் விட்டான். அவனுடைய மோட்டார் சைக்கிள்தான் விடவில்லை. மேட்டில் ஏறினால் இருமும், பள்ளத்தில் இறங்கினால் தும்மும். பிள்ளைச்சாவடியில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் அவன் சிநேகிதன் விஜய் இளநீர் வெட்டிக் கொடுத்து வழியும் சொன்னான்.

"மச்சான், இது ஓடி உனக்குச் சம்பாதிக்கப் போறதில்ல. காணாமப் போச்சுன்னா சம்பாதிக்கும். இன்சூரன்ஸ் எதுக்கு இருக்கு?"

அப்புறம் என்ன? வண்டி தோப்புக் கொட்டகையில் தேங்காய் மட்டைக்குப் பின்னால் போய் நின்றது. செம்மல் பஸ் ஏறி வந்து, சண்டே மார்க்கெட் வாசலில் விட்ட வண்டியைக் காணோம் என்று போலீசில் எழுதிக் கொடுத்தான். இரண்டு சாவியையும் இன்சூரன்ஸ் ஆபீசில் ஒப்படைத்தான். எல்லாம் முடிந்த பிறகுதான் தனக்கொடியிடம் சொன்னான். அவள் கையிலிருந்த கரண்டி சாம்பாருக்குள்ளேயே விழுந்தது.

"யாரு நல்லவன்னு எழுதணுமோ அந்த ஸ்டேஷன்லயே போயி பொய் எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கீங்களே!"

"எல்லாரும் செய்யறதுதாண்டி."

"எல்லாருமா பட்டியல்ல இருக்காங்க?"

இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து விசாரிக்க அன்பழகன் என்று ஒரு ஒல்லி மனிதர் வந்தார். வடை தின்றார், வண்டி என்ன நிறம் என்று கேட்டார், காபி குடித்தார், திரும்பவும் வண்டி என்ன நிறம் என்று கேட்டார். போகும்போது மட்டும், "வண்டியை நல்லா வெச்சிருந்தீங்களா? பூஜை கீஜையெல்லாம் போடுவீங்களா?" என்றார்.

"வருஷம் தவறினதில்ல சார்" என்றான் செம்மல் பெருமையாக.

அந்தப் பெருமைதான் வினையானது. ஆயுத பூஜை நெருங்க நெருங்க அவனுக்குத் தூக்கம் போனது. மில் மூடியதற்கு ஊரெல்லாம் ஏதேதோ காரணம் சொன்னாலும், அவனைப் பொறுத்தவரை காரணம் ஒன்றே ஒன்றுதான்: அந்த வருஷம் அப்பாவின் தறிக்குப் பொட்டு வைக்க மறந்துவிட்டார்கள்.

"பொட்டு வெக்காம விட்டா அது சும்மா விடாதுடி."

"காணாமப் போன வண்டிக்கு எவனாவது பூஜை போடுவானா?"

"காணாமப் போச்சுன்னு போலீசுக்குத்தான சொன்னோம், சாமிக்கா சொன்னோம்?"

தனியாக விட்டால் மேளம் வைத்தாலும் வைப்பான் என்று பயந்து தனக்கொடியும் கூடப் போனாள். பஸ்ஸில் அவள் மடியில் பூசணிக்காய், அவன் மடியில் பொரி, பழம், மாலை. கொட்டகையில் விஜய் காவலுக்கு நின்றான். செம்மல் வண்டியைக் குழந்தையைப் போலக் குளிப்பாட்டினான். நம்பர் பலகையை மட்டும் தனியாகத் துடைத்து, எண் மறையாமல் ஓரத்தில் சந்தனம் வைத்தான். கற்பூரம் காட்டினான். வெளியே வந்து, வண்டிக்குப் பட்ட கண்ணெல்லாம் போகட்டும் என்று பூசணிக்காயைத் தூக்கி ரோட்டில் ஓங்கி உடைத்தான்.

சிதறியதில் ஒரு துண்டு யாரோ ஒருவருடைய செருப்பில் போய் ஒட்டியது. தனக்கொடி செருப்பைப் பார்த்தாள். மேலே பார்த்தாள். அன்பழகன்.

"பயப்படாதீங்கம்மா, காலையிலேர்ந்து உங்க பின்னாடிதான் வர்றேன். பூசணிக்காயோட பஸ் ஏறும்போதே புரிஞ்சு போச்சு. எல்லாருக்கும் லீவு, எங்களுக்கு மட்டும் இன்னைக்கு லீவே கெடையாது. காணாமப் போன வண்டிங்க பாதி இன்னைக்குத்தான் கெடைக்கும்."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு செல்போனை எடுத்து வண்டியைப் படம் பிடித்தார். சந்தனம், மாலை, நம்பர் பலகை எல்லாம் பளிச்சென்று விழுந்தன. விஜய் தென்னை மரத்துக்குப் பின்னால் ஒளியப் பார்த்தான். தென்னை எந்தக் காலத்தில் ஆளை மறைத்தது?

"பணம் எதுவும் வாங்கலியே சார்" என்று இழுத்தான் செம்மல்.

"அதைப் போலீசுல சொல்லுங்க. பொரி கொஞ்சம் குடுங்கம்மா."

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் கமலவேணிக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாக இருந்தது.

"வண்டி காணோம்னு சொன்னது நீ. திருடன் யாருன்னு தேடினா அதுவும் நீ. எங்களுக்கு வேலையே வெக்கல."

"புகாரை வாபஸ் வாங்கிக்கிறேம்மா."

"இதென்ன சீட்டாட்டமா, போட்ட சீட்டைத் திருப்பி எடுக்க? பணம் வாங்கலன்னாலும் ஏமாத்தப் பார்த்தது குத்தம். பொய்ப் புகார் குடுத்தது வேற குத்தம். மறைச்சு வெச்ச தோப்புக்காரனும் கூட்டு."

தனக்கொடி கையெடுத்துக் கும்பிட்டாள். "அம்மா, அவருக்கு வேலை நிரந்தரம் ஆவுற நேரம்..."

கமலவேணியின் சிரிப்பு நின்றது. மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்து வைத்தார். "அது இங்கதான் வந்திருக்கும்மா. இவர் நடத்தை எப்படின்னு கேட்டிருக்காங்க. என்ன எழுதட்டும், நீயே சொல்லு."

செம்மல் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். நெற்றியில் வைத்த சந்தனம் வேர்வையில் கரைந்து மூக்கு நுனிக்கு வந்திருந்தது. தனக்கொடி அதை முந்தானையால் துடைத்துவிட்டாள்.

பட்டியலில் அவன் பெயர் அடிக்கப்பட்டது. மோட்டார் போடும் தினக்கூலியும் போனது. இன்சூரன்ஸ் ஒரு காசும் தரவில்லை. ஜாமீனுக்குச் சொந்தத்தில் ஆள் பிடிக்க, தனக்கொடி கலியாண வீட்டுக்குப் பத்திரிகை வைப்பது போல வீடு வீடாக ஏறினாள். பெரியம்மா கொழுந்தனாரின் மருமகன்தான் கடைசியில் கையெழுத்துப் போட்டார்.

கேஸ் இழுத்தது. வண்டி சாட்சிப் பொருளாக ஸ்டேஷன் வளாகத்தில் வேப்பமரத்தடியில் காக்கை எச்சத்தோடு நின்றது. அடுத்த ஆயுத பூஜைக்கும் செம்மல் எலுமிச்சம்பழத்தோடு அங்கே போனான்.

"யோவ், கேஸ் வண்டியில பொட்டு கிட்டு வெச்ச, இன்னொரு கேஸ் போட்டுருவேன்" என்று ஏட்டு விரட்டிவிட்டார். மதில் சுவருக்கு வெளியே எலுமிச்சம்பழத்தை மிதித்துவிட்டு வந்தான்.

கடைசியில் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டான். அபராதமும், கோர்ட் கலையும் வரை அங்கேயே கைதியாக உட்கார்ந்திருக்கும் தண்டனையும் விதித்தார்கள். விஜய்க்கும் அதேதான். இரண்டு பேரும் சாயங்காலம் வரை பெஞ்சில் முகம் கொடுத்துப் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் தனக்கொடி புளிச்சோற்றுத் தூக்கோடு காத்திருந்தாள். அம்மனுக்கு நேர்ந்த புடவையை, இதற்கு மேல் மோசமாகாமல் விட்டதற்காகவே சாத்திவிட்டாள்.

செம்மல் இப்போது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வண்டி நிறுத்துமிடத்தில் டோக்கன் கிழித்துக் கொடுக்கிறான். முதலியார்பேட்டையிலிருந்து சைக்கிளில் போய் வருகிறான்.