சாமிக்கு நேர்ந்த முடி

ஒரு ராக் இசைக்குழுவை உயிருக்கு உயிராக நேசிப்பதற்குச் சில தகுதிகள் வேண்டும். ஆங்கிலம் புரிய வேண்டும். வீட்டில் ரெக்கார்டு பிளேயர் இருக்க வேண்டும். கொஞ்சமாவது தாளம் தெரிந்திருக்க வேண்டும். அறுபதுகளில் மேற்குத் தாம்பரத்தில் குடியிருந்த எனக்கு இவற்றில் ஒன்றுகூட இல்லை. நான் பாடினால் பக்கத்து வீட்டு எருமை தீனியை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்க்கும். கிதாரைப் படத்தில் பார்த்திருந்தேன். ஆங்கிலம் பாடப் புத்தகத்தின் எல்லைக்குள் புரியும். முடி மட்டும் எனக்கு அபாரமாக வளர்ந்தது. அந்த ஒரே சொத்தை வைத்துக்கொண்டுதான் நான் வாழ்நாள் ரசிகன் ஆனேன்.

என்னைக் கெடுத்தவன் கல்லூரி நண்பன். அவன் அப்பா பள்ளி ஆசிரியர். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் பாடகர் குழுவை நடத்துபவர். ஞானப்பாட்டு கேட்பதற்காக அவர்கள் வீட்டில் ஒரு ரெக்கார்டு பிளேயர் வாங்கியிருந்தார்கள். அவர் பாட்டுப் பயிற்சிக்குக் கிளம்பிச் சைக்கிள் மணிச் சத்தம் தெருமுனையில் ஓய்ந்ததும், நண்பன் பாயின் அடியிலிருந்து வேறொரு ரெக்கார்டை எடுப்பான். கப்பலில் வேலை பார்த்த மாமா கொண்டுவந்தது. அட்டையில் ஐந்து பேர் ஒரு குட்டிச்சுவர்மேல் உட்கார்ந்திருப்பார்கள். ஐவருக்கும் முடி கண்ணை மறைத்துக்கொண்டு விழும். அவர்களுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்றே தெரியாது. தெரிந்துகொள்ளும் அவசியமும் இல்லை என்பதுபோல் ஓர் அலட்சியம்.

முதல் பாட்டு முடிவதற்குள் நான் அவர்கள் அடிமை. என்ன பாடினார்கள் என்பது எனக்கு இன்றுவரை முழுதாகத் தெரியாது. ஸ்லோகம் சொல்கிற எத்தனை பேருக்கு அர்த்தம் தெரியும்?

அந்த ஐவரைப்போல ஆக வேண்டும் என்ற ஆசைக்கு எங்கள் வீட்டில் ஒரே ஒரு தடை இருந்தது. அப்பா. கோட்டையில் குமாஸ்தா. மாதம் தவறாமல் என்னைச் சலூனுக்குக் கூட்டிக்கொண்டு போய், பக்கத்திலேயே நின்று, "நல்லா மெஷின் போடுப்பா, காது தெரியணும்" என்பார். என் காது எப்போதும் தெரிந்துகொண்டே இருந்தது. தாம்பரத்தில் அதைவிட நன்றாகத் தெரிந்தவை ரயில்வே கைகாட்டிகள் மட்டுமே.

அப்போதுதான் எனக்கு டைபாய்டு வந்தது.

நினைவு தப்பிக் கிடந்த நாட்களில் அம்மா திருநீர்மலை ரங்கநாதரிடம், பிள்ளை எழுந்து உட்கார்ந்தால் அவன் முடியைக் கொண்டுவந்து கொடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டாள். நான் எழுந்து உட்கார்ந்தேன். காய்ச்சலில் கொட்டியது போக மிச்சமிருந்த முடியை, கொஞ்சம் தெம்பு வந்ததும் கொண்டுபோய்ச் செலுத்துவதாக ஏற்பாடு. பல்லாவரம் வழியாகப் போவதா, குரோம்பேட்டை வழியாகப் போவதா என்று பேசிக்கொண்டிருந்தபோது தந்தி வந்தது. மதுராந்தகத்தில் அப்பாவின் பெரியப்பா மகன் காலமாகிவிட்டார்.

பங்காளி செத்தால் ஒரு வருஷத்துக்கு மலைக்கோயில் ஏறக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். சாமிக்கு நேர்ந்த முடியில் கத்தி வைக்கக் கூடாது என்பதும் வழக்கம். இந்த இரண்டு சட்டங்களும் சந்தித்துக்கொண்ட இடத்தில் என் தலை இருந்தது.

முடி வளர்ந்தது. காதை மூடியது. காலரைத் தொட்டது. அப்பா தினமும் காலையில் அதைப் பார்ப்பார். காலி பண்ண மறுக்கும் குடித்தனக்காரரை வீட்டுக்காரர் பார்ப்பதுபோல் இருக்கும். ஒன்றும் செய்ய முடியாது. குடித்தனக்காரர் பெரிய இடத்து ஆள். வருஷம் முடிகிற சமயத்தில் அச்சிறுபாக்கத்தில் இன்னொரு பங்காளி போய்ச் சேர்ந்தார். எங்கள் பங்காளிகள் உபகாரம் செய்யக்கூடியவர்கள் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

தலைக்கு இப்படி ஒரு கௌரவம் கிடைக்கும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. கல்லூரியில் முடி நீளமாக வைத்தவர்களையெல்லாம் பிரின்சிபால் கூப்பிட்டு நறுக்கிக்கொண்டு வரச் சொன்னார். என் முறை வந்தபோது, "சாமிக்கு நேர்ந்தது சார்" என்றேன். நாற்காலியிலிருந்து பாதி எழுந்தேவிட்டார். பிற மதத்தாரின் நம்பிக்கையில் கைவைக்காத பெரிய மனிதர். வெளியே, காது தெரிய முடி வெட்டிக்கொண்டு நின்ற நண்பன் பெருமூச்சு விட்டான்.

"எங்க மதத்துல இந்த வசதி இல்லடா மச்சான்."

ஆனால் எந்த வசதிக்கும் ஒரு வில்லங்கம் உண்டு. இது சாமி சொத்து. பேன் பிடித்தால் அம்மாவுக்குப் பாவம். ஆகவே கிண்ணம் கிண்ணமாக நல்லெண்ணெய், சீயக்காய், சாம்பிராணிப் புகை. அந்த ஐவர் தலையை உலுக்கினால் முடி காற்றில் பறக்கும் என்று நண்பன் சொல்லியிருந்தான். நான் உலுக்கினால் சுவரில் எண்ணெய் தெறித்தது. புரட்சிக்காரனாக வீட்டைவிட்டுக் கிளம்புவேன். தெருவில் எதிர்ப்படுகிற மாமிகள், "பக்தியுள்ள பிள்ளை" என்று வழிவிடுவார்கள். ஒருத்தி தன் பெண்ணுக்கு வரன் அமைய வேண்டும் என்று என்னைச் சாமியிடம் சிபாரிசு பண்ணச் சொன்னாள்.

பழைய வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றிலிருந்து ஐவரின் படத்தைக் கத்தரித்து அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருந்தேன். ஒரு நாள் துவைத்த சட்டையை வைக்க வந்த அம்மா அதைப் பார்த்துவிட்டாள். நான் பிரளயத்துக்குத் தயாரானேன். அவள் கிட்டே போய் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"ஐயோ பாவம். அஞ்சு பேருக்குமா வேண்டுதல்?"

நான் தலையை ஆட்டினேன்.

"எந்தக் கோயிலுக்குடா?"

"அவங்க ஊர்ல மலை ரொம்ப தூரம்மா."

அதற்குப் பிறகு அம்மா அந்த அலமாரியைச் சாத்தும்போது மெதுவாகச் சாத்துவாள்.

அந்த வருஷம் கல்லூரி விழாவில் ஐவரின் பாட்டைப் பாடுவதற்கு நண்பன் ஒரு குழு சேர்த்தான். சர்ச்சுக்கென்று வாங்கிய கிதார் ஒன்று, ஹாஸ்டலில் ஒருவன் வைத்திருந்த டிரம், பாடுவதற்கு ஒருவன், சும்மா துள்ளுவதற்கு ஒருவன். ஐந்தாவது ஆள் வேண்டும். நண்பன் என்னிடம் வந்தான்.

"மச்சான், நீ மேடையில நிக்கணும்."

"எனக்கு ஒண்ணும் வாசிக்கத் தெரியாதே."

"உன்ன யாருடா வாசிக்கச் சொன்னது? ஒயர் இல்லாத கிதார் ஒண்ணு குடுக்கறேன். தலைய மட்டும் ஆட்டு. நாலு பேருக்கும் சேத்து உனக்குத்தான் முடி இருக்கு."

இதைவிடக் கேவலமாக ஒருவனைக் கலைக்கு அழைக்க முடியாது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கண்ணாடிக்கு எதிரே துடைப்பத்தை மாட்டிக்கொண்டு தினமும் ஒத்திகை பார்த்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக, எனக்கு இருந்த ஒரே திறமைக்கு ஒரு மேடை கிடைத்திருந்தது.

அதே வாரம் அம்மா பஞ்சாங்கத்தோடு வந்து உட்கார்ந்தாள். தீட்டு தீர்ந்துவிட்டது. புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை திருநீர்மலை. விழா அதற்கடுத்த திங்கட்கிழமை.

அந்த நாட்களில் எங்கள் சொந்தக்காரர்களின் உடல்நிலையில் நான் காட்டிய அக்கறையைப் பார்த்து அப்பாவே அசந்துபோனார். மதுராந்தகத்தில் ஒரு தாத்தா ரொம்ப நாளாக இழுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு எப்படி இருக்கிறது, சாப்பிடுகிறாரா, ஆளை அடையாளம் தெரிகிறதா என்று தினமும் கேட்டேன். தந்தி வரவில்லை, தபால் அட்டைதான் வந்தது. தாத்தா கஞ்சி குடித்துவிட்டு எழுந்து நடக்கிறாராம். அம்மா சாமி படத்துக்குப் பூ வைத்தாள். நான் அலமாரியைத் திறந்து ஐவரைப் பார்த்தேன். அவர்கள் முடிக்குள்ளிருந்து என்னைப் பார்த்தார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

வேறு வழியில்லாமல் அடுக்களை வாசலில் போய் நின்றேன்.

"அம்மா, அடுத்த சனிக்கிழமை போகலாமே."

"ஏன்?"

உண்மையைச் சொன்னேன். அந்த ஐவரைப் பற்றி, மேடையைப் பற்றி, ஒயர் இல்லாத கிதாரைப் பற்றி. அவள் வெங்காயம் அரிவதை நிறுத்தவில்லை.

"ரெண்டு வருஷமா கடன் நிக்குது. இனிமே ஒரு நாள்கூடத் தள்ள மாட்டேன். உன் தலை கொதிச்சுக் கெடந்தப்போ, நீ என்னைப் பாத்து யாருன்னு கேட்டே. தெரியுமா உனக்கு?"

தெரியாது. யாரும் சொன்னதில்லை.

"அந்த அஞ்சு பேரும் வந்து உன் நெத்தியில துணி நனைச்சுப் போட்டாங்களா?"

சனிக்கிழமை போனோம்.

மலையடிவாரத்தில், குளத்துக்குப் பக்கத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்த நாவிதர்களில் ஒருவர் என் தலையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா நைனா இது, தலையா தோப்பா? உள்ள குருவி கூடு கட்டிகினு கீதா பாரு."

நான் கடைசி முயற்சியாக, "பூமுடி மட்டும் குடுத்தாப் போதாதா?" என்றேன். மூன்று கொத்து முடியைக் கத்தரித்துக் கொடுக்கிற சலுகை அது.

"அது பொம்பளைங்களுக்கு" என்றார் நாவிதர்.

"பரவால்லப்பா, கேட்டுப் பாக்கட்டும்" என்றார் அப்பா பின்னாலிருந்து. "ரெண்டு வருஷமா பின்னாடியிருந்து பாக்கறவங்களுக்கு அந்தச் சந்தேகம் இருந்துச்சு."

"சாமிகிட்ட பேரம் பண்ணாத நைனா. தலைய குனி."

குனிந்தேன். எண்ணெயில் ஊறிய முடி கத்திக்கு வழுக்கிக்கொண்டு வந்தது. அன்று மலைமேல் அப்பா பெருமாளுக்கு முன்னால் விழுந்து கும்பிட்டதில் ஒரு நெகிழ்ச்சி இருந்தது. அதுவரை அவரிடம் அவ்வளவு பக்தி இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை. அம்மா என் மொட்டையில் சந்தனம் தடவினாள். தடவி முடித்த பிறகும் கையை எடுக்கவில்லை.

திங்கட்கிழமை மேடைக்குப் பின்னால் நண்பன் என்னைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"டேய், தலை எங்கடா?"

"நேத்திக்கடன்."

"ரெண்டு வருஷம் பொறுத்தவர் ரெண்டு நாள் பொறுக்க மாட்டாரா உங்க சாமி?"

ஐந்து பேர் என்று நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது. மாற்று ஆளுக்கு நேரமில்லை. என்னைக் கடைசியில், திரைக்குப் பக்கத்து இருட்டில் நிற்கவைத்தான். ஆனால் விளக்கு போடுகிறவன் மனசாட்சியுள்ளவன். மேடை முழுக்கப் போட்டான். சந்தனம் காய்ந்த என் தலை விளக்குக்கு விளக்காக ஜொலித்தது. முதல் பாட்டு ஆரம்பித்தது. சொன்ன சொல் தவறக் கூடாது என்று நான் இல்லாத முடியை வெறியோடு ஆட்டினேன்.

ஹாலில் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்:

"கோவிந்தா!"

முந்நூறு பேர் இருந்திருப்பார்கள். எல்லோரும் சேர்ந்து, "கோவிந்தா! கோ…விந்தா!"

டிரம் அடித்தவன் நல்ல தாள ஞானம் உள்ளவன். அப்படியே அந்தத் தாளத்துக்கு மாறிக்கொண்டான். சர்ச்சு கிதாரில் ஆறு மாதமாக நண்பன் பழகிய தனி வாசிப்பு யார் காதிலும் விழவில்லை. முன்வரிசையில் பிரின்சிபால் மிகுந்த மரியாதையுடன் கையைக் கூப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மொட்டை! ஒன்ஸ்மோர்!"

அதுதான் தென்சென்னைப் புறநகரில் ராக் இசைக்குக் கிடைத்த மிகப் பெரிய வெற்றி என்று இன்றும் சொல்வேன். நண்பன் அடுத்த நாள் என்னைக் குழுவிலிருந்து நீக்கினான். அதற்கடுத்த நாள் குழுவே இல்லை.

எழுபதுகளில் ஒரு காலை. நான் அப்பாவைப்போலவே குமாஸ்தாவாகி, அதே மின்சார ரயிலில் போய்க்கொண்டிருந்தேன். பேப்பரின் மூலையில் சின்னதாக ஒரு செய்தி: ஐவரும் பிரிந்துவிட்டார்கள். கிண்டி வந்தது, மாம்பலம் வந்தது. நான் மடித்த பேப்பரைத் திரும்பத் திரும்பப் பிரித்துப் படித்தேன். சாயங்காலம் வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை.

"யாருடா செத்தது? பங்காளியா?" என்றாள் அம்மா.

"யாரும் சாகலம்மா. அந்த அஞ்சு பேரும் பிரிஞ்சுட்டாங்க."

அம்மாவுக்கு உடனே புரிந்தது. என்னைவிட நன்றாகவே புரிந்தது.

"சொத்துத் தகராறா?"

"அப்படித்தான் போட்டிருக்கு."

"கல்யாணம் ஆயிடுச்சா அவங்களுக்கு?"

"ஆயிடுச்சு."

"அப்ப சரி" என்றாள். நான் தொடாத சோற்றில் மோரை ஊற்றினாள். பிறகு, "அவங்க ஒண்ணாச் சேரணும்னு வேண்டிக்கோ. உனக்கென்ன, முடிதானே. நல்லாத்தானே வளருது" என்றாள்.

சிரித்திருக்க வேண்டும். தினம் இரண்டு பேப்பர் படிக்கிறவன், சாமி விஷயத்தில் சந்தேகப் பேர்வழி. ஆனால் இந்த அம்மாள் ஒருமுறை இதே சரக்கைக் கொடுத்து என்னைத் திருப்பி வாங்கியவள். வேண்டிக்கொண்டேன்.

அவர்கள் சேரவில்லை. ஆளுக்கொரு ரெக்கார்டு போட்டார்கள். பத்திரிகையில் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டார்கள். நான் முடியில் கத்தி படாமல் காத்திருந்தேன். ஆபீசில் மேலதிகாரி கேட்டார், கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் கேட்டார்கள். எல்லோரிடமும் வேண்டுதல் என்றேன்; என்ன வேண்டுதல் என்று சொல்லவில்லை. கொஞ்ச நாளில் பெருமாளுக்கே பொறுமை போய்விட்டது போலிருக்கிறது. தன் பங்கு வேலையைச் செய்யாமலே, சரக்கை மட்டும் தவணை முறையில் எடுத்துக்கொள்ள ஆரம்பித்தார். முதலில் நெற்றிமேல், பிறகு உச்சி. இப்போது பிடரிக்கு மேலே ஒரு பிறை மாதிரி கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

போன வாரம் தாம்பரம் மார்க்கெட் பக்கத்துச் சலூனில் சவரத்துக்கு உட்கார்ந்திருந்தபோது, புதிதாக வந்திருந்த ஆள் அந்தப் பிறையைத் தொட்டுப் பார்த்தார்.

"இத்த எதுக்கு சார் வளத்துகினு கீறே? வழிச்சு வுட்டா நீட்டா இருக்கும்."

"வேண்டாம்பா. வேண்டுதல் பாக்கி இருக்கு."

"இன்னா வேண்டுதல்?"

"அஞ்சு பேர் சண்டை போட்டுப் பிரிஞ்சுட்டாங்க. சேரணும்."

அவர் கத்தியைத் தோலில் தீட்டியபடி கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"பங்காளிங்களா சார்?"

"ஆமாம்" என்றேன்.