மண்ணில்லாத தோட்டமும் இரண்டு பொட்டலம் மருந்தும்

வெள்ளிக்கிழமை, காலை 8.10. கோலாலம்பூர் சென்ட்ரலிலிருந்து ஈப்போவுக்கு ரயில் டிக்கெட் முப்பத்தாறு ரிங்கிட். என் கைப்பையில் ஒரு பாட்டில் தண்ணீரும் நான்கு இட்லியும் பத்துப் பொட்டலம் கொசுப்புழு மருந்தும் இருந்தன. மணல்போல் இருக்கும் அந்த மருந்து, கிள்ளானில் எங்கள் தாமான் குடியிருப்புக்கு வந்த சுகாதாரக்காரர்கள் கொடுத்தது.

ஏப்ரலில் என் மகள் ஷாமினிக்கு டிங்கிக் காய்ச்சல் வந்தது. அப்போது பெட்டாலிங் ஜெயாவில் தனி அறையில் இருந்தாள். பதினோரு முறை போன் செய்தேன், எடுக்கவில்லை. பக்கத்து அறைக்காரர்கள் கதவை உடைத்துத்தான் அவளைத் தூக்கினார்கள். பிழைத்துக்கொண்டாள். ஆனால் இன்றும் யாருக்காவது போன் அடித்து, நான்காவது மணிக்கும் எடுக்காவிட்டால் எனக்கு உள்ளங்கை வேர்த்துவிடும்.

உடம்பு தேறியதும் ஷாமினி ஆபீஸ் வேலையை விட்டாள். ஈப்போவுக்கு வடக்கே, செமோரைத் தாண்டி, ஒரு பழைய ரப்பர் தோட்டத்தில் அரை ஏக்கரை வாடகைக்கு எடுத்து, மண்ணில்லாமல் தண்ணீரில் கீரை வளர்க்கிறாள். தண்ணீரில்! டிங்கியில் பிழைத்தவள் தண்ணீருக்கு நடுவே குடியிருக்கிறாள். அவளை வீட்டுக்கு அழைத்துவரத்தான் நான் கிளம்பினேன்.

சிலிம் ரிவர் கடந்தபின் ஜன்னல் முழுக்கச் செம்பனை எண்ணெய்த் தோட்டங்கள். கம்பாருக்கு மேல் சுண்ணாம்புக் குன்றுகள் வந்தன. பத்தே முக்காலுக்கு ஈப்போ. அங்கிருந்து செமோர் தாண்டிப் போக வாடகைக் காருக்கு இருபத்தாறு ரிங்கிட். ஓட்டுநர் தமிழர்.

"மண்ணில்லாம கீர போடுற பொண்ணா? என் வூட்டுல அங்கதான்கா வாங்குது" என்றார். "மண்ணே இல்லாம சத்து எங்கேருந்துலா வரும்னு நான் கேட்டேன். 'அண்ணே, ஆஸ்பத்திரில ஒங்களுக்கு டிரிப்ஸ் ஏத்துனா நீங்க சோறு கேட்டீங்களா'ன்னு திருப்பிக் கேக்குது!"

அவர் சிரித்தார். நான் அவள் கையில் ஊசி ஏறியிருந்த நாட்களை நினைத்துக்கொண்டேன்.

ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை. செம்பனைக்கு நடுவே தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த ஐந்தாறு பழைய லயத்து வீடுகளும் சின்னக் கோயிலும் மிச்சம். அதற்குப் பின்னால் பிளாஸ்டிக் கூரைக்கடியில் ஷாமினி நின்றாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். நான் முதலில் பார்த்தது அதைத்தான்.

இடுப்பு உயரத்தில் வெள்ளைக் குழாய்கள் வரிசையாகக் கிடந்தன. மேலே துளைகள், ஒவ்வொன்றிலும் ஒரு சதுரப் பஞ்சு, பஞ்சிலிருந்து சாலட் கீரை. ஒரு செடியை உருவிக் காட்டினாள். வேர் நூல்கற்றை போல வெள்ளையாகத் தொங்கியது. மண் வாசனையே இல்லை, வெள்ளரிக்காய் நறுக்கிய வாசனை வந்தது. குழாய் ஒரு பக்கம் லேசாகச் சரிந்திருக்கிறது. பம்ப் ஏற்றிவிடும் தண்ணீர் வேரை நனைத்தபடி ஓடி, திரும்பத் தொட்டியில் விழுகிறது. இரவு பகல் நிற்காது.

"'ஏ', 'பி'ன்னு ரெண்டு உரம்மா. தனித்தனியா தண்ணில கலக்கணும். அப்படியே ஒண்ணா ஊத்துனா பால் மாதிரி திரிஞ்சி அடியில தங்கிடும்" என்று சொல்லிக்கொண்டே தொட்டிக்குள் மீட்டரை விட்டாள். 1.6 என்று காட்டியது. உரம் எவ்வளவு கரைந்திருக்கிறது என்ற கணக்காம். விதைத்த நாற்பதாவது நாள் அறுவடை, இருநூறு கிராம் நான்கு ரிங்கிட். கேட்கக் கேட்க எனக்கு ஆர்வம் கூடியது உண்மை. ஆனால் கண் மட்டும் மூன்று தொட்டிகளையே சுற்றியது. ஒவ்வொன்றும் ஐந்நூறு லிட்டர்.

சனிக்கிழமை, காலை 9.00. ஷாமினி நாற்றுக்குப் பஞ்சு வெட்டப் போயிருந்தாள். நான் முதல் தொட்டியின் கறுப்பு மூடியைத் திறந்தேன். குழாயிலிருந்து விழும் தண்ணீரில் மேற்பரப்பு ஓயாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. புழு எதுவும் தெரியவில்லை. தெரியாவிட்டால் என்ன, போட்டுவைப்பது நல்லதுதானே? இரண்டு பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டினேன்.

அரைமணி நேரம் கழித்து, மூடியின்மேல் கிடந்த வெறும் பொட்டலங்களோடு சரசு வந்தார். ஷாமினிக்குத் துணையாக வேலை செய்பவர், லயத்தில் குடியிருப்பவர்.

"கொசுவுக்கா போட்டீங்க?" என்றார். "அக்கா, ஓடுற தண்ணில கொசு எங்க உக்காந்து முட்ட வைக்கும்? ஒங்க பொண்ணு கொசுவுக்கும் ஒரு மீட்டர் வச்சிருப்பா லா!"

சரசுவின் பின்னாலேயே வந்த ஷாமினி சிரிக்கவில்லை. ஓடிப்போய் பம்பை நிறுத்தினாள்.

"எத்தன பொட்டலம்?"

"ரெண்டு."

"மத்த ரெண்டு தொட்டில?"

"போடல. இது குடிதண்ணித் தொட்டியிலயே போடுறதுதான்னு சொன்னாங்க..."

"இருக்கலாம்மா. ஆனா மருந்தே இல்லாத கீரன்னு சொல்லித்தான் நான் விக்கிறேன்."

அந்தத் தொட்டித் தண்ணீர்தான் இருநூற்று நாற்பது செடிக்கு ஓடுகிறது. ஞாயிறன்று அறுத்து ஈப்போவுக்கு அனுப்ப வேண்டியவை. ஷாமினி ஒரு நிமிடம் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்தாள். அவள் முகம் வெளுத்ததாக எனக்குத் தோன்றியது. ஓடிப்போய்ப் பிடிக்கலாமா என்று நினைப்பதற்குள் எழுந்து, கடைக்காரருக்குப் போன் செய்தாள்.

"பாஸ், இந்த வாரம் சாலட் இல்ல. தண்ணில மருந்து விழுந்துருச்சி, விக்க முடியாது" என்று மலாய் மொழியில் சொன்னாள். யார் போட்டது என்று சொல்லவில்லை.

மூவருமாகச் செடிகளைப் பிடுங்கினோம். தொட்டியை வடித்தோம், தேய்த்தோம், குழாய்களில் மூன்று தடவை நல்ல தண்ணீர் ஓட்டினோம். இருநூற்று நாற்பதில் பாதிக்கு மேல் என் கையால் பிடுங்கியது. ஒவ்வொரு வேரும் அப்பழுக்கில்லாத வெள்ளை. பிற்பகல் மூன்று மணிக்கு 'ஏ' உரத்தைக் கலக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தாள். கொடுப்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

மாலையில் தேநீர் குடிக்கும்போது அவளே ஆரம்பித்தாள். "என்னக் கூட்டிட்டுப் போகத்தான வந்தீங்க? ரூம்ல புது மெத்த போட்டாச்சின்னு அப்பா ஒளறிட்டாரு."

"ஆமா."

"வரமாட்டேம்மா. கோவத்துல சொல்லல. எனக்கு இங்க தூக்கம் வருது."

அவள் என் கோப்பையை நிரப்பினாள்.

"காலைல ஏழு மணிக்கு மீட்டர் பாப்பேன். அந்தப் படத்த ஒங்களுக்கும் அனுப்புறேன். வரலேன்னா சரசக்காவக் கூப்புடுங்க, அடுத்த வூடுதான். பதினோரு தடவ அடிக்க வேணாம்."

சரசுவின் எண்ணை வாங்கிக்கொண்டேன். மிச்சமிருந்த எட்டுப் பொட்டலத்தையும் சரசு கேட்டு வாங்கிக்கொண்டார். லயத்துக்குப் பின்னால் இருக்கும் அடைத்த சாக்கடைக்காம்.

ஞாயிறு பிற்பகல் ரயிலில் தனியாகத்தான் திரும்பினேன். பக்கத்து இருக்கையில் என் பை மட்டும்.

திங்கட்கிழமை, காலை 6.50. கிள்ளான். படம் வர இன்னும் பத்து நிமிடம். அதுவரை சமையலறையைத் துடைத்தேன். ஜன்னலில் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் மணி பிளாண்ட் இருக்கிறது. ஆறு வருடமாக என் வீட்டிலும் ஒரு செடி மண்ணில்லாமல் வளர்ந்திருப்பது அப்போதுதான் உறைத்தது. வேர் எப்படியிருக்கிறது பார்ப்போம் என்று பாட்டிலை விளக்கு வெளிச்சத்தில் தூக்கினேன். வேர் பழுப்பு. அதைச் சுற்றி, அசையாத தண்ணீரில், நெளிந்து நெளிந்து ஏழெட்டுக் கொசுப்புழுக்கள்.

பாட்டிலைக் கொல்லையில் வெயில்படும் சிமெண்டில் கவிழ்ப்பதற்கு முன் ஒரு படம் எடுத்து ஷாமினிக்கு அனுப்பினேன். அவளிடம் மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

7.02. மீட்டர் படம் வந்தது. 1.6. அதற்குக் கீழே இரண்டு வரி:

"அங்க ஆபத்தும்மா. பெட்டியக் கட்டுங்க, ஈப்போ ஸ்டேஷனுக்கு நான் வந்து ஏத்திக்கிறேன்."