பாதிவழித் தண்ணீர்

மலைப்பாதை தொடங்கும் இடத்தில் ஒரு தகரக் கொட்டகை. அதன் சின்ன ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, மலை நடக்க வருகிறவர்களுக்கு நுழைவுச் சீட்டு கிழித்துக் கொடுப்பதுதான் அவள் வேலை. எல்லோருக்கும் அவள் சீட்டக்கா. வீட்டுக்காரர் போன பிறகு அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளே இல்லை.

கூடப் பிறந்தவன் ஒரே தம்பி. பாதையின் பாதியில் இருக்கும் தங்குமிடத்துக்கு அவன்தான் காவலாள். நாள்கணக்கில் நடந்து மலையைக் கடக்கிறவர்கள் அங்கே படுத்தெழுந்து, பின்புறத்து ஊற்றில் பாட்டிலை நிரப்பிக்கொண்டு போவார்கள். அதை விட்டால் அந்தப் பாதையில் வேறு தண்ணீர் கிடையாது.

அந்த வருஷம் மழை கைவிரித்துவிட்டது. ஊற்று நூலாய் இளைத்து, சொட்டி, கடைசியில் அடிச்சேறும் காய்ந்து வெடித்தது. அதே வருஷம் பார்த்து, பாதையை நடத்தும் வன அலுவலகம் சீட்டு விலையை இரட்டிப்பாக்கியது. பாதைப் பராமரிப்புக்காம்.

இறங்கி வந்தவர்கள் வெடித்த உதட்டோடு ஜன்னலில் வந்து நின்றார்கள்.

"காசு வாங்கத் தெரியுதுல்ல? ஒரு வாய் தண்ணி வைக்கத் தெரியலையா?"

"நான் சீட்டு மட்டும்தாங்க குடுக்கறேன். மேல சொல்லியிருக்கேன்."

"மேலயா? மேலருந்துதான் வர்றோம். அங்க கேக்க ஒருத்தரும் இல்ல."

அலுவலகம் அடிவாரத்துக்கு ஒரு தண்ணீர் லாரியை அனுப்பியதோடு சரி. அதை மேலே கொண்டுபோவது யார் பொறுப்பு என்று யாரும் சொல்லவில்லை. ஒருநாள் ஒருவர் சீட்டைக் கிழித்துச் சீட்டக்காவின் முகத்திலேயே எறிந்தார். அரிசி வாங்க இறங்கி வந்திருந்த தம்பி அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். மறுநாள் காலையில் காவடி மாதிரி ஒரு கம்பில், லாரித் தண்ணீர் நிரப்பிய இரண்டு கேன்களைக் கட்டித் தோளில் தூக்கிக்கொண்டான்.

"உனக்கெதுக்குடா இந்த வேண்டாத வேல?"

"நீ காசு வாங்கு, நான் தண்ணி குடுத்துப் பாவத்தக் கழிச்சிடறேன். குடும்பக் கணக்கு நேராயிடும்" என்று சிரித்தான்.

அன்றிலிருந்து தினமும் சுமந்தான். ஜன்னலில் கூச்சல் அடங்கியது. நடக்கிறவர்கள் அவனுக்கு ஒட்டகம் என்று பெயர் வைத்தார்கள். அவனுக்கும் அதில் பெருமைதான். தோளில் தோல் உரிந்த இடத்துக்கு மருந்து போடும்போதெல்லாம், அடிவாரத்து வீட்டில் தையல் வேலை பார்த்த அவன் மனைவி முணுமுணுப்பாள். அவன் காதில் போட்டுக்கொள்ள மாட்டான்.

வெயில் கொளுத்திய ஒரு மதியம், இறங்கி வந்துகொண்டிருந்த நாலைந்து பேர் ஒரு வளைவில் அவனைப் பார்த்தார்கள். பாறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். இளைப்பாறுகிறான் என்று நினைத்துத் தண்ணீர் கேட்டார்கள். அவன் பேசவில்லை. கேன்கள் இரண்டும் மூடி திறக்காமல், ததும்பத் ததும்ப அப்படியே இருந்தன.

அவர்களே அவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வெயில் தாங்காமல் உயிர் போயிருக்கிறது என்றார் டாக்டர்.

காரியமெல்லாம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, தையல் மெஷின் பக்கத்தில் சுருண்டு கிடந்த தம்பி மனைவியின் அருகில் போய் உட்கார்ந்தாள் சீட்டக்கா.

"உங்க ஜன்னல்ல வந்து யாரோ கத்தினதுக்கு அவர் ஏன் அண்ணி சுமக்கணும்?"

"எனக்காகத்தான் போனான்மா" என்றாள் சீட்டக்கா.

"எனக்காக ஒரு வாய் குடிச்சிருக்கலாம்ல."

அதற்கு மேல் இருவரும் பேசவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, அதன் பிறகும்.

அலுவலகம் பாதையை மூடியது. மழை பெய்து ஊற்று கண் திறந்ததும் மறுபடி திறந்தது. தங்குமிடத்துக்குப் புதுக் காவலாள் வந்தார். சீட்டக்காவுக்கு வேறு போக்கிடம் ஏது? அதே ஜன்னலுக்குத்தான் திரும்பினாள். பாட்டில் நிறைந்திருக்கிறதா என்று பார்க்காமல் யாருக்கும் சீட்டு கிழிப்பதில்லை. சிலர் எரிச்சல்பட்டார்கள். படட்டும் என்று இருந்தாள்.

காய்ச்சலோடு அவள் வேலைக்கு வந்திருந்த ஒருநாள், வரிசையை விலக்கிக்கொண்டு ஒரு கை சாப்பாட்டுத் தூக்கை ஜன்னல் கட்டையில் வைத்தது. தம்பி மனைவி. முகத்தைப் பார்க்கவில்லை, பேசவில்லை, வந்த வழியே போய்விட்டாள்.

சீட்டக்கா தூக்கை உள்ளே எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சீட்டு வாங்க நின்றவர்கள் அன்று கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டியதாயிற்று.