பெயர் போடாத செய்தி

1993-ல் விழுப்புரத்தில் ஒரு நாளிதழுக்கு நிருபராக இருந்தேன். டென்னிஸ் எனக்கு உயிர். விம்பிள்டன் ஒற்றையரில் வென்ற முதல் கறுப்பின ஆண் வீரர் இறந்தபோது அஞ்சலி எழுதியது நான்தான். ஆபரேஷனில் ஏற்றிய ரத்தத்தால் அவருக்கு எய்ட்ஸ் வந்தது. குடும்பத்துக்காக அதை மறைத்து வைத்திருந்தார். ஒரு பத்திரிகை மோப்பம் பிடித்ததால் அவரே வெளியே சொல்ல வேண்டியதாயிற்று. அது அநியாயம் என்று உருகி உருகி எழுதினேன்.

அடுத்த மாதமே, திண்டிவனத்தில் ஒருவருக்கு அதே நோய் என்று தகவல் கிடைத்தது. பெயரைப் போடக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன். ‘ரயில்வே கேட் அருகே டீக்கடை நடத்துபவர்’ என்று மட்டும் எழுதினேன்.

பிறகு ஒருநாள் அந்தப் பக்கம் போனேன். அவர் மனைவி டீ பாய்லரை விற்பதற்காக வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். நான்தான் எழுதினேன் என்றேன். அவர் கோபப்படவில்லை.

“பேரு போடலீங்க, பாத்தேன். ஆனா இந்தக் கேட்டாண்ட வேற யாருங்க டீக்கடை வச்சிக்கினு இருக்கறாங்க?”

சுற்றிப் பார்த்தேன். வேறு கடையே இல்லை.

அந்த வீரருக்காவது தன் வாயால் சொல்லக் கொஞ்சம் அவகாசம் கிடைத்தது. இவருக்கு அதைக்கூட நான் கொடுக்கவில்லை.