செல்வதாஸ் ஏற்றி வந்த சுண்ணாம்பு

மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் சிப்பி சுடும் காளவாயிலிருந்து பத்மநாபபுரத்துக் கட்டட வேலைகளுக்குச் சுண்ணாம்பு கொண்டுபோவதுதான் வண்டிக்காரன் செல்வதாஸின் பிழைப்பு. சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் பட்டால் கொதிக்கும், அள்ளிவைத்த ஓலைக் கடவத்தையே கருக்கிவிடும் என்று அவனுக்குத் தெரியும். அதனால் தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டாமல் வண்டியை எடுக்கமாட்டான்.

1932 ஐப்பசியில் ஒரு நாள், காலை வெயிலை நம்பிப் பாயை வீட்டிலேயே விட்டுவிட்டான். பாதி வழியில் மழை கொட்டியது. வழியோரத்தில் பண்ணைக்காரர் பகவதியப்பனின் வைக்கோல் கொட்டகைக்குள் வண்டியை ஒதுக்கிவிட்டு, காளைகளை ஓட்டிக்கொண்டு எதிரே சாயாக்கடைக்குப் போனான். கடவங்களிலிருந்து ஆவி கிளம்புவதைப் பார்த்துவிட்டுத்தான் போனான். தானாக அடங்கிவிடும் என்று நினைத்தான்.

சாயா ஆறுவதற்குள் கொட்டகை பற்றி எரிந்தது. உள்ளே கட்டியிருந்த பசுவை அவிழ்க்கப் பாய்ந்த பண்ணை வேலையாள் சுடலையாண்டிக்குக் கை வெந்தது. பசு பிழைக்கவில்லை.

"இவனுக்க பீடிதான்," என்றார் பகவதியப்பன், சுடலையாண்டியைக் காட்டி. தான் பீடி பற்றவைக்கவில்லை என்று அவன் அழுதுகொண்டே சத்தியம் செய்தான். அடைமழையில் தீ வேறு எப்படி வரும் என்று ஊர் கேட்டது. வண்டி எரிந்துபோன செல்வதாஸைப் பார்த்து எல்லோரும் இரக்கப்பட்டார்கள். அவன் வாயைத் திறக்கவில்லை. மறுநாளே சுடலையாண்டி பெண்டாட்டியோடு ஊரைவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகு வேதக்கோயிலில், பாவத்தை மறைத்தவன் தொடக்கூடாத இராப்போசன அப்பத் தட்டு வரும்போதெல்லாம் செல்வதாஸ் கையை நீட்டவில்லை.

"ஏன் எடுக்கல்ல?" என்பாள் மனைவி ஜெயபாய்.

"வயிறு செரியில்ல."

மூன்று வருடம் அதையே சொன்னான். ஒருநாள் ஒரு கடவம் சுண்ணாம்போடு பகவதியப்பன் முற்றத்தில் போய் நின்றான்.

"அண்ணு எரிச்சது பீடியில்ல, ஐயா. எனக்க சுண்ணாம்பு."

"ஏலே, தண்ணி பட்டா தீ பிடிக்குமா?"

செல்வதாஸ் வைக்கோலைப் பரப்பி, சுண்ணாம்பைக் கொட்டி, தண்ணீர் தெளித்தான். கட்டிகள் சீறி வெடித்தன. வைக்கோல் பழுத்துக் கருகிப் புகைந்தது. ஓரத்தில் தீ எட்டிப் பார்த்தது.

பகவதியப்பனின் முகம் வெளுத்தது. "அண்ணைக்கே சொல்லியிருக்கப்படாதா, பாவி?"

சுடலையாண்டி இருக்கும் இடத்தை விசாரித்துக்கொண்டு இருவரும் களியக்காவிளைச் சந்தைக்குப் போனார்கள். அவன் அங்கே மூட்டை சுமந்துகொண்டிருந்தான். பகவதியப்பன் வேலைக்குத் திரும்பி வரச் சொன்னார். அவன் செல்வதாஸைத்தான் பார்த்தான்.

"ஆவி வந்தத நானும் பாத்தேன், ஓய். அது என்னதுண்ணு எனக்குத் தெரியாது. உமக்குத் தெரியும்."

சொல்லிவிட்டு மூட்டையைத் தூக்கினான். ஊருக்கு அவன் திரும்பவேயில்லை.

செல்வதாஸ் பிறகு சுண்ணாம்பு ஏற்றவில்லை. களியக்காவிளைக்குச் சவாரி கிடைக்கும் நாளெல்லாம் சந்தையில் அவனைத் தேடிப்போய் நிற்பான். சில நாள் சுடலையாண்டி தலையசைப்பான். சில நாள் அதுவும் இல்லை.